இஞ்சினை முடுக்குவதற்கு முன்

அம்மாதான் முதலில் பார்த்தார். பால் வாங்கப் போனவர் வாசலிலேயே நின்று, "என்னடா, ஒங்காடி ஒரு பக்கமா ஒக்காந்திருக்கு? டயரு பஞ்சரா?" என்றார். நான் போய்ப் பார்த்தேன். நான்கு டயரிலும் காற்று இருந்தது. முன்பக்க இடது மூலை மட்டும், முட்டி வலிக்கிறவர் படியிறங்கும்போது சாய்வதுபோலத் தாழ்ந்திருந்தது. சாவியைத் திருப்பினேன். அடியிலிருந்து தையல் மெஷின் ஓடுவதுபோல் ஒரு சத்தம். ஒரு நிமிடத்தில் காடி நிமிர்ந்துவிட்டது. அம்மா, "அடடே, எந்திரிச்சிருச்சே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இந்தக் கட்டுரை அந்த எழுந்து நிற்றலைப் பற்றியது.

முதலில் இந்தக் காடி எப்படி என்னிடம் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். அப்பா ஜெராம் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். லயத்து வாசலில் உட்கார்ந்து நாங்கள் பார்த்த முதல் பெரிய வண்டி துரையின் ஜீப். மழை பெய்தால் எங்கள் பக்கத்துக் களிமண் பாதையில் சைக்கிள்கூடப் போகாது. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மண் அடைத்துக்கொள்ளும். ஜீப் மட்டும் போகும். அப்படி ஒரு வண்டி வேண்டும் என்று எட்டு வயதில் வந்த ஆசை, நாற்பத்தைந்து வயதில் 38 ஆயிரம் வெள்ளிக்கு ஒரு பழைய ஃபோர்வீலாக வீட்டுக்கு வந்தது. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. புதிதாக இருந்தபோது என் பத்து வருடச் சம்பளத்துக்கும் எட்டாத வண்டி, பழையதானதும் ஏன் அவ்வளவு மலிவு என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

மலிவுக்குக் காரணம் அதன் கால்களில் இருந்தது. சாதாரணக் காடி இரும்புச் சுருள் மேலோ இரும்புப் பட்டைகள் மேலோ உட்கார்ந்திருக்கும். இது காற்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு ரப்பர் பை. உள்ளே துணி நூல் வைத்து நெய்த, மடிந்து மடிந்து விரியும் பை. ஒரு கம்ப்ரசர் காற்றை அமுக்கித் தரும். வால்வுகள் அந்தக் காற்றை நான்கு பைகளுக்கும் பிரித்துக் கொடுக்கும். ஒவ்வொரு மூலையிலும் உயரத்தை அளக்க ஒரு சென்சார். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒரு கம்ப்யூட்டர். பொத்தானை அழுத்தினால் வண்டி சுமார் 5 சென்டிமீட்டர் உயர்ந்து, பாதை நடுவில் கிடக்கும் கட்டையைத் தாண்டும். மேடு பள்ளத்தில் ஒரு பக்கப் பை அமுங்கினால், அதிலுள்ள காற்று மறுபக்கப் பைக்கு ஓடி, அந்தப் பக்கச் சக்கரத்தைக் கீழே தள்ளித் தரையைத் தொட வைக்கும். புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டத்தில் இதை முதல்முறை உணர்ந்தபோது சின்னப் பிள்ளைபோலச் சிரித்தேன். பாதை கரடுமுரடாக இருந்தது. என் இடுப்பு அதை அறியவில்லை.

இந்த வட்டாரமே ரப்பரால் உண்டானது. பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில், தமிழ்ப் பெயர் கொண்ட தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் நாட்டின் முதல் வர்த்தகச் செம்பனைத் தோட்டம் தொடங்கியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் செம்பனை எங்கள் பால்மரங்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பாட்டி விடிவதற்கு முன் பால் வெட்டப் போனவர். பட்டறையில் அந்தக் காற்றுப் பையை முதன்முதலில் தொட்டுப் பார்த்தபோது அவர் ஞாபகம்தான் வந்தது. ரப்பருக்கு வயதாகும் என்று பாட்டிக்குத் தெரியும். மடிப்பு விழும் இடத்தில்தான் முதலில் வெடிக்கும்.

பட்டறைக்காரர் சீனர், என் வயதுதான். சோப்புத் தண்ணீரைப் பையின் மேல் அடித்துவிட்டு என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். மடிப்பில் கடுகு அளவுக்குக் குமிழிகள் வந்து வந்து உடைந்தன. அவ்வளவுதான் ஓட்டை. "இதுக்கா காடி சாயுது?" என்றேன். இது சின்ன விஷயம்தான் என்றார் அவர். பெரிய விஷயம் கம்ப்ரசர். ஓட்டையில் போகிற காற்றை ஈடுகட்ட அது ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓய்ந்து ஓய்ந்து ஓடுவதற்காகச் செய்யப்பட்ட சாமான் அது. விடாமல் ஓடினால் சூடாகித் தேயும். ஒருநாள் அதுவும் நின்றுவிடும். அன்றைக்கு நாலு மூலையும் உட்கார்ந்துவிடும் என்றார்.

இதைக் கேட்ட பிறகு பல நாள் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஓட்டை விழுந்த அன்றே வண்டி சாய்ந்திருந்தால், அன்றே பையை மாற்றியிருப்பேன். கம்ப்ரசர் நல்லபடியாக வேலை செய்ததால்தான் ஓட்டை எனக்குத் தெரியவில்லை. குறையை மறைக்கும் வேலையைச் செய்தே அது கெட்டுப்போயிருக்கிறது.

முன்பக்கம் இரண்டு பை, ஒரு கம்ப்ரசர், கூலி எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் வெள்ளி என்றார். இல்லையென்றால் காற்றை எல்லாம் எடுத்துவிட்டு இரும்புச் சுருள் போட்டுக்கொள்ளலாம், மூவாயிரத்துக்குள் முடியும். ஆனால் உயர்த்துவது, தாழ்த்துவது, மெத்தையில் போவது எல்லாம் போய்விடும். இது புதிய யோசனை இல்லை. 1957இல் அமெரிக்காவில் கடிலாக் எல்டொராடோ பிரோகம் காற்று ஸ்பிரிங்குடன் வந்தபோதும், அதை வைத்துப் பராமரிக்க முடியாத பலர் இரும்புச் சுருளுக்குத்தான் மாறினார்கள். என் புத்தியோ மூன்றாவது வழியில் போனது. விற்றுவிடலாம்.

என் மச்சான் கிள்ளானில் பழைய கார் வாங்கி விற்கிறவர். அவரிடம் போனில் சொன்னேன். சிரித்துவிட்டு, "மச்சான், ரொம்ப சிம்பள்லா. ஆளு வர்றதுக்கு அரை மணி நேரத்துக்கு முன்னால ஸ்டார்ட் பண்ணி ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து நிறுத்து. அது பாட்டுக்கு நிமிந்து நிக்கும். நீ ஒன்னும் பொய் சொல்ல வேணாம்" என்றார்.

அப்படியே செய்தேன்.

பார்க்க வந்த பையனுக்கு இருபத்து நான்கு வயது இருக்கும். என்னிடம் ஆறாம் ஆண்டு படித்தவன் என்பது அவன் ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது. அப்பாவோடு சேர்ந்து தோட்டங்களில் பழம் அறுக்கும் காண்ட்ராக்ட் எடுக்கிறானாம். மழை நாளில் உள்ளே போகவும் ஆட்களை ஏற்றி இறக்கவும் ஒரு ஃபோர்வீல் வேண்டும். கூட்டுக் காசு விழுந்திருக்கிறது, மீதி அம்மா நகை என்றான். காடியைச் சுற்றி வந்தான். உள்ளே உட்கார்ந்தான். பொத்தானை அழுத்தினான். வண்டி மெதுவாக உயர்ந்தது. அவன் முகத்தில் புக்கிட் ரோத்தானில் எனக்கு வந்த அதே சிரிப்பு.

"பட்டறைல காட்டணுமாப்பா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருவேளை அவனே கண்டுபிடித்துவிட்டால் நான் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்திருக்கலாம்.

"எதுக்கு சார்? நீங்க ஓட்டுன காடி. நம்பி வாங்கலாம்" என்றான்.

முப்பதாயிரத்துக்குப் பேசி, ஆயிரம் வெள்ளி முன்பணம் கொடுத்துவிட்டுப் போனான். குறையைச் சொல்லியிருந்தால் இருபத்தோராயிரத்துக்கு மேல் கேட்டிருக்க முடியாது. என் மௌனத்தின் விலை ஒன்பதாயிரம்.

அன்று ராத்திரி எனக்கு நானே வக்கீலாக வாதாடிப் பார்த்தேன். வாதங்கள் மோசமில்லை. முதலாவது: எனக்கு விற்றவர் என்னிடம் சொல்லவில்லை. இரண்டாவது: இந்த மாதிரி வண்டிகளில் காற்றுப் பை கெடும் என்று ஊருக்கே தெரியும், அதனால்தான் விலையே இவ்வளவு குறைவு, அந்த ஆபத்து விலைக்குள்ளேயே இருக்கிறது. மூன்றாவது: நான் பொய் பேசவே இல்லை. அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

சட்டம் என் பக்கம்தானா என்று பார்த்தேன். மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் மோசடி என்றால் என்ன என்று 17ஆவது பிரிவு சொல்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை ஒட்டி எழுதியது அது. சும்மா பேசாமல் இருப்பது பொதுவாக மோசடி ஆகாது என்கிறது. அதற்கு ஓர் உதாரணமும் தருகிறது. ஒருவன் ஏலத்தில் குதிரை விற்கிறான். குதிரைக்கு நோய் என்று அவனுக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை. அது மோசடி இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது, அடுத்த உதாரணத்தைப் படிக்கும்வரை. வாங்குகிறவள் விற்பவனின் மகள். இப்போதுதான் வயதுக்கு வந்தவள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அந்த உறவே குதிரையின் குறையைச் சொல்லும் கடமையை அவன்மேல் ஏற்றிவிடுகிறது என்கிறது சட்டம். அதே குதிரை, அதே நோய், அதே மௌனம். மாறியது வாங்குகிறவர் யார் என்பது மட்டும்தான்.

உறவுக்கு ஏன் இவ்வளவு கனம்? மகளிடம் அப்பாவுக்குப் பாசம் இருக்க வேண்டும் என்பதாலா? அப்படி எனக்குத் தோன்றவில்லை. மகள் குதிரையின் பல்லைப் பிடித்துப் பார்க்க மாட்டாள் என்பதால்தான். நம்புகிறவர் சோதிப்பதில்லை. அந்நியனாக இருந்தால் பட்டறைக்குக் கொண்டுபோவான், சோப்புத் தண்ணீர் அடிப்பான். என் மாணவன் அதை எல்லாம் செய்யாததற்கு ஒரே காரணம் நான். அவன் கண்ணை மூடியது என்மேல் இருந்த மரியாதையால். மூடிய கண்ணைப் பார்த்து, "அவனுக்குக் கண் இருந்ததே" என்று நான் வாதாட முடியாது.

விற்பவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் உள்ள இந்தப் பிரச்சினை பழையது. ரோமானியரான சிசெரோ கி.மு. 44இல் தன் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் மூன்றாம் பகுதியில் குறையுள்ள வீட்டை விற்கும் ஒருவன் வருகிறான். மரமெல்லாம் உளுத்துப்போய், அறைக்கு அறை பாம்பு வரும் வீடு. அது அவனுக்கு மட்டும்தான் தெரியும். சொல்ல வேண்டுமா? டயோஜெனிஸ் என்ற தத்துவவாதி, சட்டம் கேட்பதைச் சொன்னால் போதும், தன் பொருளின் குறையை ஊரெல்லாம் தண்டோரா போட்டு விற்பவன் எங்கே இருக்கிறான் என்கிறார். அன்டிபேட்டர், எல்லாவற்றையும் சொல்லத்தான் வேண்டும், தெரியாமல் ஒருவன் குழியில் விழப் பார்த்துக்கொண்டிருப்பது தவறு என்கிறார். சிசெரோ அன்டிபேட்டர் பக்கம். எல்லா மௌனமும் மறைப்பு ஆகாது. ஆனால் தெரிந்துகொண்டால் அடுத்தவருக்கு நன்மை என்னும் விஷயத்தை உன் லாபத்துக்காக அவர் அறியாமல் வைத்திருந்தால் அது மறைப்புத்தான் என்பது அவர் முடிவு. இதில் இன்னொரு விவரமும் உண்டு. அன்டிபேட்டர் டயோஜெனிஸின் மாணவர். வாத்தியார் சொல்லாமல் விற்கலாம் என்கிறார், மாணவர் கூடாது என்கிறார். ஜெராமில் உட்கார்ந்து இதைப் படிக்கும் ஒரு வாத்தியாருக்கு முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

நம்மிடமும் இதற்கு ஓர் இடம் உண்டு. வணிகர் பிறருடைய பொருளையும் தன் பொருளைப்போல் பேண வேண்டும் என்று வள்ளுவர் சொல்கிறார். அந்தக் குறள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வாய்மை அதிகாரத்தில் இல்லை. அது துறவறவியலில் வருகிறது. வணிகம் பற்றிய குறள் இல்லறவியலில், நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசியில் வருகிறது. எனக்கு இந்த இடம் முக்கியமாகப் படுகிறது. விற்பவனிடம் வள்ளுவர் கேட்பது துறவியின் சத்தியத்தை இல்லை. தராசின் இரண்டு தட்டுக்கும் நடுவில் நில் என்பதைத்தான். நான் வாங்குகிறவனாக இருந்திருந்தால் எதைத் தெரிந்துகொள்ள விரும்பியிருப்பேனோ, அதைச் சொல். அவ்வளவுதான் கேள்வி. அதற்குப் பதில் எனக்குத் தெரியும். ஏனென்றால் நானும் ஒருமுறை வாங்குகிறவனாக இருந்திருக்கிறேன்.

இந்த வெளிச்சத்தில் என் வாதங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. எனக்கு விற்றவர் சொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தக் கணக்கை நான் தீர்க்க வேண்டியது அவரிடம். இந்தப் பையனிடம் அல்ல. ஆபத்து விலைக்குள் இருக்கிறது என்பது இரண்டு பேருக்குமே தெரியாதபோதுதான் பொருந்தும். பை கெடலாம் என்பது அவனுக்கு ஒரு சாத்தியம். எனக்கோ குமிழியைக் கண்ணால் பார்த்த விஷயம். சூதாட்டத்தில் ஒருவன் மட்டும் சீட்டைத் திருப்பிப் பார்த்திருந்தால் அது சூதாட்டம்கூட இல்லை.

மூன்றாவது வாதம்தான் கடைசிவரை பிடிவாதமாக நின்றது. நான் பொய் சொல்லவில்லையே. ஆனால் அரை மணி நேரத்துக்கு முன்னால் ஏன் இஞ்சினை முடுக்கினேன்? ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் காடி சாய்ந்தே நின்றிருக்கும். அதுவே உண்மையைச் சொல்லியிருக்கும். சாவியைத் திருப்பியது நான். அந்த ஒரு திருப்பில் மௌனம் செயலாக மாறிவிட்டது. அதே 17ஆவது பிரிவு, தெரிந்த ஒன்றை முனைந்து மறைப்பதை மோசடிப் பட்டியலில் வைத்திருக்கிறது. நான் பேச வேண்டிய பொய்யை எனக்காகக் கம்ப்ரசர் பேசியது. மச்சான் சொன்னது சரிதான். நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இதில் வெறும் காசு மட்டும் இல்லை. அவன் அதை ஓட்டப்போவது கிள்ளான்–கோலசிலாங்கூர் சாலையில் இல்லை. மழைக்குப் பிறகு, தோட்டத்துக்கு உள்ளே, போன் சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில், பின்னால் நாலைந்து ஆட்களை வைத்துக்கொண்டு. அங்கே கம்ப்ரசர் நின்றுபோனால் வண்டியின் வயிறு சேற்றில் உட்காரும். அம்மா நகை போட்டு வாங்கிய வண்டி அது.

காலையில் அம்மா மறுபடியும் வாசலில் நின்றார். "இன்னிக்கும் மண்டி போட்டிருக்கு பாரு." நான் சாவியைத் தொடவில்லை. பையனுக்குப் போன் போட்டேன். "வேலைக்குப் போறதுக்கு முன்னால ஒரு எட்டு வந்துட்டுப் போப்பா" என்றேன்.

ஆறரைக்கு வந்தான். காடி சாய்ந்தபடியே இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். குமிழி, கம்ப்ரசர், ஒன்பதாயிரம், நேற்று அரை மணி நேரத்துக்கு முன்னால் முடுக்கியது வரைக்கும். கடைசிப் பகுதியைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். விட்டிருந்தால் நேர்மையான வாத்தியாராகவே இருந்திருப்பேன். சொன்னதும் அவன் காடியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"நேத்தே சொல்லியிருக்கலாமே சார்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. விலையைக் குறைக்கிறேன் என்றேன். "இல்ல சார், பரவால்ல. அப்பாகிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றான். ஆயிரம் வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துத்தான் பையில் வைத்தான். நேற்று நான் அவனிடம் வாங்கியபோது எண்ணிக் கொடுக்கச் சொல்லவில்லை, அவனும் எண்ணவில்லை. பிறகு அவன் போன் செய்யவே இல்லை.

கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டாய், நல்லது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அவ்வளவு சுலபமாக அதை ஏற்க முடியவில்லை. சொன்னதால் அவனுக்குப் பணம் மிஞ்சியது, அது உண்மை. ஆனால் முதல் நாள் சொல்லியிருந்தால் அவன் நம்பிக்கையும் மிஞ்சியிருக்கும். பன்னிரண்டு மணி நேரம் தாமதமாக வந்த உண்மை சேதத்தைக் குறைத்தது. இழந்ததைத் திருப்பித் தரவில்லை. பையை மாற்றலாம், கம்ப்ரசரை மாற்றலாம். ஒரு வாத்தியார்மேல் பையனுக்கு இருந்த எண்ணத்துக்கு உதிரிப் பாகம் கிடைக்காது. ஆனாலும் சொன்னது வீண் என்றும் நான் நினைக்கவில்லை. சொல்லியிருக்காவிட்டால் அந்த நம்பிக்கை அப்படியே இருந்திருக்கும், உள்ளே காற்று கசிந்துகொண்டே. ஏதோ ஒரு தோட்டத்துச் சேற்றில் அவன் அதைத் தெரிந்துகொண்டிருப்பான். என் நல்ல பெயர் இப்போது குறைந்துபோனதுதான். ஆனால் எனக்கு உரியது அவ்வளவுதான்.

காடிக்கு இரும்புச் சுருள் போட்டுவிட்டேன். பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. ஜெராம் சாலையின் ஒவ்வொரு குழியும் இப்போது முதுகுக்குத் தெரிகிறது. "என்னப்பா, மாட்டு வண்டியில போற மாதிரி இருக்கு" என்கிறாள் மகள். இன்னும் விற்கத்தான் பார்க்கிறேன். போன வாரம் தஞ்சோங் காராங்கிலிருந்து ஒருவர் கேட்டார். சுருள் போட்டது, ஏன் போட்டது, எல்லாம் போனிலேயே சொன்னேன். எப்போது வந்து பார்க்கலாம் என்றார்.

"காலைல வாங்கண்ணே. நான் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னால" என்றேன்.